பள்ளிக்கூடம் போன வயல்

செங்கமலத்தின் இரண்டு மா வயல் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஆவணி மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்வரை அது எங்கள் ஊர் நண்டுவெளிக்குக் கிழக்கே, மற்றவர்கள் வயல்களுக்கு நடுவில், தன் இடத்தில்தான் கிடந்தது; அன்றைக்கு அதைக் கடைசியாகப் பார்த்தவர் ஆடு மேய்க்கும் வேலுக்கோனார், அதன் வரப்பு வழியாகத்தான் ஆட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலை மணியடிக்க வந்த தலைமையாசிரியர் இருதயராஜ் சார், விளையாட்டு மைதானம் இருக்க வேண்டிய இடத்தில், நாலு பக்கமும் வரப்போடு, வரப்பில் நண்டு வளையோடு, மூலையில் உமரிச் செடியோடு, சர்வே கல் நாலும் நட்டது நட்டபடி, ஒரு வயல் கிடப்பதைப் பார்த்தார். மைதானத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. கொடிக்கம்பமும் சறுக்குமரமும் ஒற்றை வேப்பமரமுமாக அது வயலின் பழைய இடத்தில், அளந்து வெட்டி வைத்ததுபோலப் பொருந்திக் கிடந்தது.

எங்கள் ஊரில் யாரும் வாயில் கை வைத்து நிற்கவில்லை. நாலு வருஷத்துக்கு முந்திய புயலில் கடல் எழுந்து ஊருக்குள் வந்து, அடுப்படிவரை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். கடல் எழுந்து வரலாம் என்றால் வயல் எழுந்து போகக் கூடாதா என்ன. கடவுள் ஒன்றைச் செய்தால் ஏன் செய்தாய் என்று கேட்பது மரியாதையில்லை, இனி நாம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதுதான் முறை என்று பெண்கள் பேசிக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலுக்கும் மாதா கெபிக்குப் போகிறவர்கள் கெபிக்குமாகப் போய் ஒரு விளக்கும் ஒரு மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டு, சோறு வடிக்கத் திரும்பிவிட்டார்கள்.

வி.ஏ.ஓ. வந்து சங்கிலி பிடித்து அளந்தார். அளவு ஒரு சாண்கூடக் குறையவில்லை. பட்டா செங்கமலம் பெயரில், நிலம் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குள் என்றால் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அரைமணி நேரம் யோசித்தவர், கடைசியில் தன் உத்தியோகத்துக்குத் தெரிந்த வழியில், "இடமாறுதல், தற்காலிகம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செங்கமலத்தின் கணவன் மாசிலாமணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன். போன் பண்ணி விஷயத்தைச் சொன்னபோது அவன், "அங்க சுத்துச்சுவர் இருக்குல்ல?" என்று கேட்டான். இருக்கிறது என்றாள். "அப்ப மாடு வந்து மேயாது, நல்லதுதான்" என்று வைத்துவிட்டான்.

முதல் வாரம்தான் கொஞ்சம் சிரமமாக இருந்தது. பிறகு எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தது. பிள்ளைகள் காலையில் புத்தகப் பையை வகுப்பில் வைத்துவிட்டு, வரிசையாக வரப்பில் நடந்து, கொடிக்கம்பம் நிற்கிற இடத்துக்குப் போய், தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடிவிட்டு, வரிசை கலையாமல் திரும்பி வந்து பாடம் படித்தார்கள். செங்கமலம் தன் வயலுக்குள் போக வேண்டுமென்றால் வாசலில் வருகைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும் என்றார் சார். வெளியாள் யார் வந்தாலும் அதுதான் சட்டம். பெயர், வந்த நேரம், வந்த காரணம், கையெழுத்து என்று நாலு கட்டம் இருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் அவள். எழுத்துக் கூட்டி, தினமும் வந்த காரணம் என்ற கட்டத்தில் "வயல்" என்று எழுதிவிட்டு மண்வெட்டியோடு உள்ளே போனாள்.

அந்த வயலில் அவளுக்கு இருந்த கவலை, அது எங்கே இருக்கிறது என்பது இல்லை. அது விளையுமா என்பதுதான்.

கடல் வந்துபோன பிறகு நண்டுவெளி மண்ணில் உப்பு தங்கிவிட்டது. மூன்று போகம் எல்லாரும் விதைத்தார்கள். வேளாண்மை ஆபீசில் கொடுத்த நல்ல விதைதான். முளைத்தது, ஒரு விரல் வளர்ந்தது, நுனி சிவந்து கருகியது. மூன்றாவது வருஷம் இறால் பண்ணைக்காரர் ஒருவர் பெரிய மேப்போடு வந்தார். கிழக்கு வெளி முழுவதையும் ஒன்றாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன், துண்டு துண்டாக வேண்டாம் என்றார். ஊரே கொடுக்கச் சம்மதித்தது, நட்டநடுவில் இருந்த செங்கமலத்தைத் தவிர. அவளைச் சம்மதிக்க வைக்க அவள் கணவனின் பெரியப்பா மகன் வைரக்கண்ணுதான் முன்னின்றார். ஊர்க்கூட்டத்தில் அவர், "ஒருத்தி முந்தானைய விரிச்சுப் படுத்துக்கிட்டா ஊரு தாண்டிப் போகவா முடியும்?" என்று கேட்டார். செங்கமலம் எழுந்து நின்று, என்னிடம் குழியடிச்சான் நெல் விதை ஒரு கலம் இருக்கிறது, எங்கள் அம்மா ஊரில் கடலோரத்தில் அதைத்தான் விதைக்கிறார்கள், அது உப்புக்குத் தாங்கும். இந்த ஒரு போகம் பொறுங்கள், மாசி மகத்துக்குள் கதிர் வரவில்லை என்றால் நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அந்த ஒரு கலத்துக்கு மேல் அவளிடம் விதை இல்லை என்பதும், அவள் சொன்னால் சொன்னதுதான் என்பதும் ஊருக்குத் தெரியும். அதனால் பொறுத்தார்கள். அப்படிப் பொறுத்த மறுவாரம்தான் வயல் பள்ளிக்கூடம் போனது.

இறால் பண்ணைக்காரர் செய்தி கேட்டுக் காரில் வந்தார். மேப்பை விரித்து வைத்துக்கொண்டு கிழக்கு வெளியைப் பார்த்தார். நடுவில் கொடி பறந்துகொண்டிருந்தது. சறுக்குமரத்தில் ஒரு பிள்ளை சறுக்கிக்கொண்டிருந்தது. "இது கவர்மெண்ட் நிலமாச்சே" என்றார். ஆமாம் என்றார் வி.ஏ.ஓ. "இது எப்பத் திரும்பிப் போகும்?" என்று கேட்டார். தற்காலிகம் என்றுதான் எழுதியிருக்கிறேன், தேதி போடவில்லை என்றார் வி.ஏ.ஓ. மாசி மகத்துக்கு வருகிறேன் என்று அவர் வைரக்கண்ணுவிடம் பத்திரத்தையும் ஒரு மைப்பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போனார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வயல்கள் கடலுக்கு அருகில் இருப்பதால், வெயில் காலம் முழுக்க அடியிலிருந்து உப்பு மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் புரட்டாசியில் பெய்கிற முதல் மழைத் தண்ணியை நாங்கள் வயலில் நிறுத்துவதில்லை. வரப்பை வெட்டி, வாய்க்கால் வழியாகக் கடலுக்கே விட்டுவிடுவோம். முதல் தண்ணி கடலுக்கு, இரண்டாம் தண்ணி நமக்கு. அதிலும் ஒரு வரிசை உண்டு. தாழ்ந்த வயல்காரன் முதலில் திறக்க வேண்டும், பிறகு அதற்கு மேல் வயல், அதற்கும் மேல் வயல். மேலே இருக்கிறவன் முந்திக்கொண்டு திறந்தால் அவன் உப்பெல்லாம் கீழே இருக்கிறவன் தலையில் இறங்கும். புயலுக்குப் பிறகு மழை குறைந்தது. வருகிற மழை இதுதானோ, இதையும் விட்டால் அடுத்தது வருமோ என்ற பயத்தில் ஒருவரும் மடையைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் கீழே இருந்தது வைரக்கண்ணுவின் வயல். அவர் திறக்காததால் மேலே யாரும் திறக்க முடியவில்லை. செங்கமலம் மூன்று வருஷமும் போய், "உங்க வயல் வழியா என் முதல் தண்ணிய விட்டுக்கிறேன் மாமா" என்று கேட்டாள். "உன் உப்ப வாங்கிக்கிறதுக்கா நான் வயல் வச்சிருக்கேன்?" என்றார் அவர். அது நியாயமான பேச்சுதான். அவள் திரும்பி வந்துவிடுவாள்.

பள்ளிக்கூடமோ ரோட்டோரத்தில் இருந்தது. சுற்றுச்சுவரின் தென்கிழக்கு மூலையில் ஒரு ஓட்டை, அதற்கு வெளியே வடிகால், வடிகால் நேரே உப்பனாற்றுக்கு, அது வழியாகக் கடலுக்கு. யார் தயவும் வேண்டாம். செங்கமலம் முதல் நாளே அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டுக் கைகூப்பினாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

வேலுக்கோனார் தன் ஆடுகளை ஒரு சனி, ஞாயிறு வயலில் கிடை போட்டார். திங்கட்கிழமை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள். பள்ளிக்கூட வாசலில் டிராக்டர் நுழையாது என்பதால் பக்கத்து ஊரிலிருந்து ஒரு சோடி மாடு பிடித்து வந்து உழுதார்கள். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்ல, வெளியே மாடு அந்தத் தாளத்துக்கு நடந்து, பதினாறாம் வாய்ப்பாடு முடிகிற இடத்தில் திரும்பப் பழகிக்கொண்டது. செங்கமலம் தென்கிழக்கு மூலையில் வரப்பை வெட்டித் திறந்து வைத்துவிட்டு, மழைக்குக் காத்திருந்தாள். முதல் தண்ணி போன பிறகு விதைப்பது என்பது அவள் கணக்கு.

மழை வந்த அன்று அவள் ஊரில் இல்லை. மன்னார்குடியில் மகளுக்கு வளைகாப்பு; போகாமல் இருக்க முடியுமா. அங்கே பிள்ளைத்தாய்ச்சியின் கையில் வளையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே மேற்கே இடி கேட்டது. "ஊர்லயும் பெய்யுதாம்மா" என்று மகள் சொன்னாள். மடை திறந்துதான் இருக்கிறது, அது பாட்டுக்கு ஓடிவிடும் என்று நினைத்து அவள் இரவு அங்கேயே தங்கிவிட்டாள்.

இருதயராஜ் சார் நல்ல மனிதர். எங்கள் ஊருக்கு வந்து ஆறு வருஷமாகிறது, ஒரு பிள்ளையைக் கை நீட்டி அடித்ததில்லை. அவருக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு வறண்ட கிராமம். அவர் அம்மா ஒரு குடம் தண்ணீருக்கு மூன்று மைல் நடந்தவர். அந்தக் குடத்தில் நாலு பிள்ளைகள் குடித்து, அரிசி களைந்து, களைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவி, கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றி வளர்ந்தவர் அவர். பள்ளிக்கூடத்தின் முன்சுவரில் முழ நீள எழுத்தில், "ஒவ்வொரு மழைத்துளியையும் சேமிப்போம்" என்று தன் கையால் நீலப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். அன்றைக்கு மூன்றாவது பீரியடில் மழை பிடித்தது. சார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வயலின் மூலையில் வரப்பு உடைந்து, அவ்வளவு தண்ணீரும் சுழித்துச் சுழித்து ஓட்டை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. பாவம், அந்த அம்மா ஊரில் இல்லாத நேரம் பார்த்து மடை உடைந்துவிட்டதே என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னாலேயே இறங்கினார்கள். சத்துணவு அரிசிச் சாக்கில் மண்ணை அள்ளிப் போட்டு, மிதித்து, அடைத்து, நனைந்த கோழிகள் மாதிரி வரப்பில் வரிசையாக நின்று, வயல் நிறைவதைப் பார்த்து எல்லாரும் கை தட்டினார்கள்.

மறுநாள் மத்தியானம் செங்கமலம் பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் வளைகாப்புத் தாம்பூலப் பையோடு நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பதிவேட்டில் எழுதினாள். வயல் முழங்கால் அளவு தண்ணீரோடு தளும்பி நின்றது. அதில் வாத்து இரண்டு நீந்தின. அவள் குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு சாரிடம் போய், மடை உடையவில்லை, நான்தான் திறந்து வைத்தேன், இந்தத் தண்ணியை விட்டுவிட வேண்டும் என்று விஷயத்தைச் சொன்னாள்.

சாருக்கு அது புரியவில்லை. புரியவில்லை என்பதைவிட, காதில் ஏறவில்லை என்று சொல்ல வேண்டும். அடுத்த மழை வரும் என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது என்று கேட்டார். மூன்று வருஷமாக மழை குறைவு என்பதை எடுத்துச் சொன்னார். அதோடு இன்னொன்றும் இருந்தது. தேங்கின தண்ணீரை யாரோ போட்டோ எடுத்து அனுப்பி, கல்வி அதிகாரி நேரிலேயே பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். மாவட்டத்திலேயே மழைநீர் சேமிப்பில் நல்ல பள்ளிக்கூடம் என்று நண்டுவெளிக்குப் பரிசு கிடைக்கும்போல இருந்தது. பத்து நாள் பொறுங்கள் அம்மா, அதிகாரி பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். அவர் குரலில் கர்வம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. நிலம்தான் உங்களுடையது, வளாகம் என் பொறுப்பு என்றும் கொஞ்சம் தயங்கிச் சொன்னார். அதுவும் சரிதான்.

செங்கமலம் திரும்பி வந்தாள். தானே வெட்டிவிட்டால் என்ன என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அத்தனை பிள்ளைகள் கை வைத்துக் கட்டின கரை. அதை அவர்கள் பார்க்க உடைப்பதற்கு ஒரு தாய்க்கு மண்வெட்டி எழும்புமா. அவள் தினமும் வந்தாள், எழுதினாள், வரப்பில் நின்று பார்த்தாள், போனாள். வெயில் கொளுத்தியது. தண்ணீர் வற்ற வற்ற ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்தது. முதல் நாள் ஒரு கோடு, அடுத்த நாள் அதற்குள் ஒரு கோடு. வாத்து இரண்டும் வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. வைரக்கண்ணு சுற்றுச்சுவருக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்து, மைப்பெட்டி காயாமல் இருக்க அதில் தினமும் ரெண்டு சொட்டுத் தண்ணி விடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, செங்கமலம் சாரின் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு டம்ளர் இருந்தது. வயல் தண்ணீர்.

"ஒரு வாய் குடிச்சுப் பாருங்க சார்."

சார் டம்ளரை வாங்கி, அவளைப் பார்த்துவிட்டு, ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்தது. துப்புவதற்கு இடம் தேடி, மரியாதைக்காக விழுங்கினார்.

"உங்க ஊர்ல நீங்க சொல்றது சரி சார். உங்க ஊர் மண்ணுக்குத் தாகம். ஊத்துனதக் குடிச்சுக்கும். எங்க மண்ணு கடலக் குடிச்சுட்டுக் கிடக்கு. பிள்ள ஏதாவது கெட்டத முழுங்கிட்டா என்ன செய்வோம்? உடனே பால் குடுப்போமா? வாந்தி எடுக்க வச்சுட்டுத்தானே பால் குடுப்போம். நீங்க வாயப் பொத்தி வச்சிருக்கீங்க."

சார் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். பிறகு அவளிடம் சொல்வதுபோல இல்லாமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "எங்கம்மாவும் முதல் மழைக்குக் குடம் வைக்க மாட்டா" என்றார்.

என்ன சார் என்று கேட்டாள்.

"ஓட்டு வீடு. மழை வந்தா நாங்க குடத்தத் தூக்கிட்டு ஓடுவோம், கூரை ஓரத்துல வைக்க. கையில அடிப்பா. கொஞ்சம் இருடா, ஓட்டுத் தூசியெல்லாம் போகட்டும்பா. மூணு மைல் நடந்து தண்ணி தூக்குற பொம்பள, கண்ணு முன்னால ஊத்துற தண்ணிய அப்படியே ஓட விட்டுட்டு நிப்பா. எனக்கு ஆத்திரமா வரும்." அவர் டம்ளரை மேசைமேல் வைத்தார். "எப்படி மறந்தேன்னு தெரியல."

மறுநாள் காலை கொடிக்கம்பத்திலிருந்து பிள்ளைகள் திரும்பி வந்ததும், சார் அவர்களை வயலைச் சுற்றி நிற்க வைத்து, நாம் நல்ல எண்ணத்தில் ஒரு தப்புச் செய்துவிட்டோம், அதை நாமே திருத்த வேண்டும் என்றார். பிறகு செங்கமலத்திடம் மண்வெட்டியை வாங்கி, தானே கரையை வெட்டினார். சாக்கு மூட்டைகளைப் பிள்ளைகள் இழுத்தார்கள். மீன்குஞ்சு போகிறதே என்று சிலது அழுதது. தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு கலங்கி, செம்மண் நிறத்தில் ஓட்டைக்குள் இறங்கி, வடிகாலில் விழுந்து, கடலைப் பார்க்கப் போனது. மூன்று மணி நேரம் ஓடியது. செங்கமலம் மடை ஓரத்தில் நின்று, உன்னுடையது உனக்கு, எங்களுடையதை எங்களுக்குக் கொடு என்று, அவள் அம்மா சொன்ன மாதிரி, வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

நாலு நாள் கழித்துக் கல்வி அதிகாரி வந்தார். சேமித்த தண்ணீர் எங்கே என்றார். கடலில் இருக்கிறது ஐயா என்றார் சார். பரிசு வேறு ஊருக்குப் போனது. சாருக்கு ஒரு மெமோ வந்தது. அதை மடித்து வருகைப் பதிவேட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு மழை வரவில்லை. ஐப்பசி பிறந்து ஒரு வாரம், இரண்டு வாரம் ஆனது. வயல் வெடிக்கத் தொடங்கியது. தினமும் வானத்தைப் பார்த்துவிட்டு ஊரே பள்ளிக்கூடச் சுவரை எட்டிப் பார்த்தது. இருந்த தண்ணியையும் விட்டாள் ஒருத்தி, அதற்குக் கூட்டு ஒரு வாத்தியார் என்று டீக்கடையில் பேச்சு ஓடியது. சார் டீக்கடைக்குப் போவதை நிறுத்தி, வீட்டிலேயே கடுங்காப்பி போட்டுக் குடித்தார். செங்கமலம் விளக்கேற்றும்போது மழை வேண்டும் என்று மட்டும் கேட்டாள். எப்போது என்று கேட்கவில்லை. ஐப்பசி பதினெட்டாம் தேதி, ஒரு புதன்கிழமை விடியற்காலையில், காற்று இல்லாமல் இடி இல்லாமல், வேலைக்கு நேரத்தோடு வருகிற ஆள் மாதிரி மழை வந்தது. செங்கமலம் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு ஓடினாள். அவளுக்கு முன்னாலேயே சார் மடையில் நின்றார்.

"அடைக்கலாமாம்மா?"

அவள் தொட்டு நாக்கில் வைத்தாள். "அடைங்க சார். இது நம்மது."

ஒரு கலம் விதையையும் அந்த வாரமே விதைத்தாள். வீட்டில் ஒரு பிடி மட்டும் விளக்கு மாடத்தில் இருந்தது. முளை வந்தது. நுனி சிவக்கும் நாள் என்று ஊர் எண்ணி வைத்திருந்த நாளில் எல்லாரும் ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். பிள்ளைக்குச் சோறு கொண்டுவந்தேன் என்றார்கள், டி.சி. பற்றிக் கேட்க வந்தேன் என்றார்கள். பயிர் பச்சையாகவே நின்றது. ஒரு மூலையில், பத்தடி அகலத்துக்கு, தண்ணீர் கடைசிவரை தேங்கி நின்ற பள்ளத்தில் மட்டும் கருகியது. அந்தக் கருகலைச் சார் தினமும் போய்ப் பார்த்தார். அதைப் பிடுங்க வேண்டாம் என்று செங்கமலத்திடம் கேட்டுக்கொண்டார். கணக்குப் பாடத்தில் பிள்ளைகள் அதைத்தான் அளந்தார்கள். மார்கழியில் பயிர் இடுப்பளவு வந்தது; உழவுக்குப் பயந்து வகுப்புக்குள் ஒளிந்திருந்த நண்டுகளெல்லாம் அரையாண்டு லீவில் ஒவ்வொன்றாக வயலுக்குத் திரும்பின.

மாசி மகத்துக்கு ஐந்து நாள் முந்தி அறுத்தார்கள். ஐந்து மூட்டை. பெரிய விளைச்சல் என்று சொல்ல முடியாது. ஆனால் கையில் எடுத்துக் கசக்கினால் பதர் பறக்கவில்லை, மணி நின்றது. இறால் பண்ணைக்காரர் காரில் வந்து, களத்து மேட்டில் கிடந்த நெல்லைக் காலில் செருப்பில்லாமல் மிதித்துப் பார்த்துவிட்டு, கொடிக்கம்பத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, மேப்பைச் சுருட்டினார். பத்திரத்தை வாங்கிக்கொண்டார், மைப்பெட்டியை மறந்துவிட்டார். வைரக்கண்ணு அதைக் கொண்டுவந்து பள்ளிக்கூட மேசையில் வைத்து, ரப்பர் ஸ்டாம்புக்கு ஆகும், நல்ல மை என்றார். 

ஐந்து மூட்டையும் விதையாகவே போயிற்று. செங்கமலம் வீட்டுக்கு ஒரு கலம் என்று கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். அவள் வீட்டையும் சேர்த்துப் பத்து வீட்டோடு தீர்ந்துவிட்டது. விலை சொல்லு என்றார்கள். திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டேன், விலையும் வேண்டாம், முதல் தண்ணியை விட்டால் போதும் என்றாள். கடைசியாக வந்தவர் வைரக்கண்ணு. சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அளக்கும்போது மட்டும் அவள் ஒரு கை கூடப் போட்டாள். எல்லாருக்கும் கீழே அவர் வயல்தானே.

அடுத்த புரட்டாசியிலும் வயல் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது. வி.ஏ.ஓ. தற்காலிகம் என்ற சொல்லை அடிக்கவுமில்லை, மாற்றி எழுதவுமில்லை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் முதல் மழை பிடித்தபோது கிழக்கு வெளியில் அவரவர் வரப்பில் அவரவர் மண்வெட்டியோடு, கொங்காணி போட்டுக்கொண்டு, எல்லாரும் நின்றார்கள். இருதயராஜ் சார் பள்ளிக்கூட மணியையும் அதை அடிக்கிற கட்டையையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். செங்கமலம் தன் மடையைத் திறந்துவிட்டு ஓடி வந்து, மைதானத்து வேப்பமரத்தடியில் நின்றாள். எல்லார் கண்ணும் வைரக்கண்ணு மேல் இருந்தது. அவர் திறந்தால்தான் மற்றவர்கள் திறக்கலாம். தண்ணீர் கணுக்கால் ஏறியது. அவர் வானத்தைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். இத்தனை வருஷத்துப் பயம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா. மண்வெட்டி கையில்தான் இருந்தது, எழும்பவில்லை.

"இதுக்கு அப்புறம் மழை வரலேன்னா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"வரலேன்னா எல்லாருக்குந்தான் வராது மாமா" என்றாள் செங்கமலம்.

அதைக் கேட்டு அவர் மண்வெட்டியைக் கை மாற்றிப் பிடித்தார். பிறகு குனிந்து வெட்டினார். ஒரு வெட்டு, இரண்டு வெட்டு. வரப்பு விழுந்தது. சார் மணியடித்தார். அடுத்த வயல், அதற்கு மேல் வயல், அதற்கும் மேல் வயல் என்று வரிசையாக மடைகள் திறந்தன. நடுவில் விளைச்சல் ஒன்றுமில்லாத மைதானத்தின் முறை வந்தபோது பிள்ளைகள் அதன் மூலையிலும் ஒரு வாய் வெட்டினார்கள், வரிசையில் அதுவும் இருக்கிறதே என்று. கலங்கின தண்ணீர் ஒரே வாய்க்காலாகச் சேர்ந்து கிழக்கே போனது. யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் நனைந்துகொண்டே அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாம் மழை பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. செங்கமலம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது முன்சுவரில் பெயிண்ட் இன்னும் காயாமல், மழையில் கொஞ்சம் வழிந்திருந்தது. "ஒவ்வொரு மழைத்துளியையும் சேமிப்போம்" என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, அதே நீலத்தில், அதே கையால், சின்னதாக ஒரு வரி: "இரண்டாம் தண்ணியிலிருந்து." அவள் எழுத்துக் கூட்டி அதைப் படித்து முடித்துவிட்டு, பதிவேட்டைத் திறந்து பெயரும் நேரமும் எழுதினாள். வந்த காரணம் என்ற கட்டத்தில், ஒரு வருஷமாக எழுதிய ஒற்றைச் சொல்லை எழுதாமல், "மடை அடைக்க" என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு, மண்வெட்டியோடு உள்ளே போனாள்.